வானத்தை மறுபடியும் பார்த்தவர்



பால்மரக் காட்டில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு வானம் புதிதல்ல. பெரட்டுக்குப் போக இருட்டிலேயே எழும் என் தந்தையார், லயத்து வாசலில் நின்று முதலில் கிழக்கைத்தான் பார்ப்பார். சில மாதங்கள் விடிவெள்ளி தெரியும். சில மாதங்கள் தெரியாது. "எங்கப்பா போச்சு?" என்று கேட்டால், "பொழுது சாய்ஞ்சதும் மேற்கே பாரு" என்பார். பார்த்ததையே மறுபடியும் பார்த்ததால் வந்த அறிவு அது. அந்தப் பழக்கத்தாலேயே வரலாற்றில் இடம்பெற்ற ஒருவரைப் பற்றி இன்று பேசுவோம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அங்கே இளமையிலேயே பணியில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

1867இல் அவர், ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர். ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை அது மங்கி மீண்டும் ஒளிரும். ஓர் இரவு மட்டும் பார்த்தவருக்கு இது புலப்படுமா? நேற்றைய குறிப்பையும் இன்றைய காட்சியையும் ஒப்பிட்டவருக்கே புலப்பட்டது.

1872இல் இலண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்றது. அதை விளக்கி, பொதுமக்களுக்காக முன்னதாகவே அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. பஞ்சாங்கக் கணக்கும் வானத்தை நேரில் பார்த்துத் திருத்தப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1880இல் அவர் மறைந்தார்.

நமக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஏழு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். கை நடுங்காதிருக்க முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகை பல பத்தாகப் பெருகும். வியாழனுக்கு அருகே, 1610இல் கலிலியோ கண்ட துணைக்கோள்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும். ஆனால், சூரியனை மட்டும் பைனாகுலரால் ஒருபோதும் பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.

ஈப்போவின் விளக்குகளுக்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் விலகி, சனவரிக் கடைசியில் இரவு ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அகத்திய நட்சத்திரத்துக்கு வலப்புறம், சற்றுத் தாழ இருக்கிறது ரெட்டிகுலம். விண்மீன் படத்தைக் கையில் வைத்துத் தேடினால், ஆர் ரெட்டிகுலி நன்கு ஒளிரும் காலத்தில் பைனாகுலருக்கே அகப்படும்.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. பெரட்டும் லயமும் போய், விடிவெள்ளி பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. எனவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பார்த்த நாளையும் பார்த்ததையும் எழுதட்டும். மறுநாளும் பார்க்கட்டும்.