பெயரை மாற்றினார், தப்பித்தார்!

அகலம் சுமார் 42 அடி, உயரம் 18 அடி. வெனிஸ் நகரின் அக்காடெமியா அருங்காட்சியகத்தில் ஒரு சுவரையே விழுங்கிக்கொண்டு நிற்கிறது அந்த ஓவியம். நடுவில், விருந்து மேஜையில் இயேசு. சரி, சுற்றிலும் யார் என்று பாருங்கள்... கையில் கிளியோடு ஒரு கோமாளி, குடித்துக்கொண்டிருக்கும் ஜெர்மன் சிப்பாய்கள், குள்ளர்கள், முன்னால் சாவகாசமாக ஒரு நாய்!

வரைந்தவர் பாவ்லோ வெரோனீஸ். 1571-ல் வெனிஸின் டொமினிக்கன் மடம் ஒன்றின் சாப்பாட்டுக்கூடம் தீப்பிடித்து, மேதை டிஷியன் வரைந்திருந்த 'கடைசி விருந்து' ஓவியம் சாம்பலானது. அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு 'கடைசி விருந்து' வேண்டுமென்று துறவிகள் கேட்க, 1573 ஏப்ரலில் முடித்துக் கொடுத்தார் வெரோனீஸ். மூன்றே மாதம்... ஜூலை 18 அன்று இன்க்விசிஷன் எனப்படும் மத விசாரணை மன்றத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று!

லேசான விஷயமில்லை. மார்ட்டின் லூதர் ஜெர்மனியில் பற்றவைத்த நெருப்பில் திருச்சபையே பிளந்து கிடந்த நேரம். வெனிஸில் மதத்துரோகி என்று முத்திரை விழுந்தால், ராத்திரியோடு ராத்திரியாகக் கடலில் மூழ்கடித்துக் கொன்றுவிடுவதும் உண்டு.

விசாரணைக் குறிப்புகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 'ஏன் கூப்பிட்டோம் தெரியுமா?' என்று கேட்கிறார்கள். 'ஊகிக்க முடிகிறது. நாயை எடுத்துவிட்டு மகதலேனா மரியாளை வரையச் சொன்னீர்களாம். அவர் அங்கே பொருந்துவார் என்று எனக்குத் தோன்றவில்லை' என்கிறார் ஓவியர். (தைரியம்தான்!) மூக்கில் ரத்தம் வழிய நிற்கிறானே, அவன் யார்? ஏதோ அடிபட்ட வேலைக்காரன். கோமாளி எதற்கு? சும்மா அழகுக்கு! இயேசுவின் விருந்தில் ஜெர்மானியர்களுக்கு என்ன வேலை? வீட்டுக்காரர் பணக்காரர் ஆச்சே, காவலுக்கு ஆள் வைத்திருக்க மாட்டாரா? கவிஞர்களும் பைத்தியங்களும் எடுத்துக்கொள்கிற சுதந்திரத்தை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம், படத்தில் இடம் மிச்சமிருந்தால் ஆட்களைப் போட்டு நிரப்புவேன் என்கிறார். ரோமில் மைக்கேலாஞ்சலோ எல்லோரையும் நிர்வாணமாக வரையவில்லையா என்று ஒரு போடு வேறு! அது மட்டும் எடுபடவில்லை. இறுதித் தீர்ப்பு நாளில் துணிமணி எதற்கு என்று மடக்கிவிட்டார்கள்.

தீர்ப்பு? சொந்தச் செலவில், மூன்று மாதத்துக்குள் ஓவியத்தைத் திருத்த வேண்டும்.

வெரோனீஸ் என்ன செய்தார் தெரியுமோ? கோமாளியையோ சிப்பாய்களையோ தொடவில்லை. படத்திலேயே லத்தீனில் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். லேவி பெரிய விருந்து வைத்தான். பார்க்க, லூக்கா 5-ம் அதிகாரம்! பைபிள் தெரிந்தவர்களுக்கு இதன் குறும்பு புரியும். லேவி ஒரு ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். அவன் வீட்டு விருந்தில் பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்று பரிசேயர்கள் முணுமுணுத்தார்கள். ஆக, அங்கே கண்டவனும் இருக்கலாம், வேதமே சொல்கிறது!

இவரைப் பெரிய புரட்சிக்காரராக்கி எழுதுபவர்கள் உண்டு. எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. வேலையையும் விடக் கூடாது, உயிரையும் விடக் கூடாது என்று கணக்குப் போட்ட கெட்டிக்காரத் தொழிலாளி. 1588-ல் இறக்கும்வரை வெனிஸில் வரைந்துகொண்டேதான் இருந்தார்.

1797-ல் நெப்போலியனின் ஆட்கள் ஓவியத்தைப் பாரீசுக்குத் தூக்கிப்போனார்கள். 1815-ல் திரும்பி வந்தது. நாயும் கூடவே போய்விட்டு வந்தது!