குசினியை மூடினது சக்ஸபோனா?

1934 புத்தாண்டு அன்று அயர்லாந்தின் லீட்ரிம் பகுதியில், மோஹில் என்ற சின்ன ஊரில், ஜாஸுக்கு எதிராக ஊர்வலம் போனது. முன்னின்றவர் பீட்டர் கோன்ஃப்ரி என்ற பாதிரியார். அடுத்த வருடமே பொது நடன மண்டபச் சட்டம்: அனுமதிப்பத்திரம் இல்லாமல் பொது நடனம் நடத்தக்கூடாது.

நாங்கள் சிரிக்கிறது இந்த இடத்திலதான். அந்தச் சட்டத்தைக் காட்டி வீட்டுக் குசினிகளில் நடந்த ஆட்டங்களையும் நிறுத்தினார்கள். சனம் மண்டபத்துக்குப் போனது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒற்றை வயலின் எடுபடுமா? கெய்லி பாண்டுகள் பெருகின. சிலதில, ஜாஸ் வாத்தியமென்று திட்டு வாங்கிய சக்ஸபோனே ரீல் வாசித்தது! கலப்படம் என்று முகம் சுளித்தவர்கள் சட்டத்தை விட்டுவிட்டு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

1940களில் பொஸ்டன் டட்லி வீதி மண்டபங்களிலோ, புலம்பெயர்ந்த ஐரிஷ் சனம் சக்ஸபோனோட சேர்த்தே ஆடிக்கொண்டிருந்தது.