அடுக்களைச் சுவரும் ஒல்லாந்த ஓடும்

1658ஆம் ஆண்டு ஆனித் திங்களில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஏறத்தாழ அதே காலத்திலேயே, ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரில், யொஹான்னஸ் வெர்மீர் என்னும் ஓவியர் அடுக்களையிற் பால் வார்க்கும் பணிப்பெண் ஒருத்தியைத் தீட்டினார். நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் அந்நகரின் பெயரேயாம். அவ்வோவியத்தை நோக்குவோர் பெரும்பாலும் பாலையும் பெண்ணின் முகத்தையும் கண்டு மீள்வர். ஆயின் அவளுக்குப் பின்னால், வெண்சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில், நீல உருவங்கள் எழுதிய சிறு ஓடுகள் ஒரு வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. இன்று அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் பின்னே மெருகிட்ட ஓடு பதிக்கும் வழக்கத்தின் முன்வரலாற்றில் அவ்வரிசைக்கு முக்கிய இடமுண்டு.

ஈரமும் கரியும் அடுக்களைச் சுவரின் இரு பகைகள். ஒல்லாந்து தாழ்ந்த, ஈரலிப்பான நிலம். நிலத்தை நீர்விட்டுக் கழுவுந்தோறும் சுவரடியிற் பூசிய சுண்ணாம்பு கரைந்து உதிர்ந்தது. அடுப்பங்கரையிலோ புகையும் கொழுப்பும் சுவரிற் படிந்தன. மெருகிட்ட ஓடு நீரையும் கொழுப்பையும் உறிஞ்சாது, வெப்பத்தையும் தாங்கும், ஒரு துணியால் துடைத்தாற் போதும். எனவே அழகுணர்ச்சிக்கு முன்னர் வாழ்க்கைத் தேவையே ஓட்டைச் சுவரில் ஏற்றியது எனலாம்.

இக்கலை ஒல்லாந்தரின் தனிப் படைப்பன்று. வெள்ளீயம் கலந்த வெண்மெருகு 9ஆம் நூற்றாண்டளவில் ஈராக்கில் வளர்ந்து, முஸ்லிம்கள் வழியே ஸ்பானியாவுக்கும், பின்னர் இத்தாலிக்கும் சென்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் குயவர்கள் அதனை அன்ற்வேர்ப் நகருக்குக் கொணர்ந்தனர். 1585இல் அந்நகர் ஸ்பானியப் படைகளிடம் வீழ்ந்தபோது, புரட்டஸ்தாந்தக் கைவினைஞர் பலர் வடக்கே பெயர்ந்தனர். ஒரு நகரின் வீழ்ச்சி மற்றொரு நாட்டின் கைத்தொழிலுக்கு வித்தாயிற்று.

ஓட்டுக்கு நீலநிறம் வந்த வரலாறும் நோக்கற்பாலது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தோன்றிய 1602ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கைப்பற்றப்பட்ட போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்த சீனப் பீங்கான்கள் ஒல்லாந்தில் ஏலமிடப்பட்டன. வெண்மைமீது நீலம் எழுதிய அப்பீங்கான்கள் செல்வர் மனத்தைக் கவர்ந்தன. பல வண்ணங்களில் எழுதிவந்த ஓட்டுக் குயவர்களும் காலப்போக்கில் நீலத்துக்குத் திரும்பினர். யாழ்ப்பாணத்தை ஆண்ட அதே கம்பனியின் கடல்வணிகம் ஒல்லாந்து அடுக்களையின் நிறத்தையும் மாற்றியது. இவ்வோடுகள் யாவும் ‘டெல்வ்ற்’ ஓடுகள் என வழங்கப்படினும், அவற்றுட் பெரும்பகுதி றொட்டர்டாம், ஹார்லிங்கன், மாக்கும் முதலிய ஊர்களில் உருவானமை குறிப்பிடத்தக்கது.

ஓட்டின் ஆக்கம் பொறுமை வேண்டும் தொழில். பிசைந்த களிமண்ணைத் தட்டையாக்கி, ஏறத்தாழ 13 சதமமீற்றர்ச் சதுரமாக வெட்டி, உலர்த்திச் சுட்டனர். பின்னர் வெள்ளீயமும் ஈயமும் கலந்த மெருகுக் கரைசலைப் பூசினர். ஊசியாற் குத்திய கடதாசியின் மேல் கரித்தூளைத் தட்டி உருவின் கோட்டைப் பதித்து, நீலத்தைத் தூரிகையால் எழுதி, மீண்டும் சூளையில் இட்டனர். உலர்ந்த மெருகு வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால், தவறிய கோட்டைத் திருத்த இயலாது.

பதிப்போர் திறனும் இதற்குக் குறைந்ததன்று. கையால் ஆக்கிய ஓடுகள் அளவில் நுண்ணிதாக வேறுபடும். சுவரை முதலில் அளந்து, முழு ஓடுகள் கண்ணுக்கு எதிரேயும் வெட்டிய துண்டுகள் மூலைகளிலும் அமையுமாறு திட்டமிடல் வேண்டும். சுண்ணச்சாந்தில் இடும் முதல் வரிசை மயிரளவு சரிந்தாலும் மேல்வரிசைகளில் அப்பிழை பெருகித் தோன்றும். பசைகளும் கருவிகளும் மாறிய இக்காலத்திலும் இவ்விதி மாறவில்லை.

18ஆம் நூற்றாண்டில் இவ்வோடு அரண்மனை அடுக்களைகளையும் அடைந்தது. மியூனிக் நகரில் 1734இற்கும் 1739இற்கும் இடையிற் கட்டப்பட்ட அமாலியன்பேர்க் மாளிகையின் அடுக்களைச் சுவர்கள் ஒல்லாந்த ஓடுகளால் மூடப்பட்டவை. 1840இல் இங்கிலாந்தில் றிச்சர்ட் புறொசர் உலர்ந்த களிமண் தூளை அழுத்தி உருவாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். மின்ரன் தொழிலகம் அம்முறையை ஓட்டுக்குப் பயன்படுத்தியது. இயந்திரம் ஓட்டைச் சாதாரண மக்களின் சுவருக்கும் கொணர்ந்தது. ஆயின் தூரிகை பிடித்த கை பின்தள்ளப்பட்டது. நோய்க்கிருமிகள் பற்றிய அறிவு பரவிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அழுக்கை உடனே காட்டும் வெள்ளை ஓடே சிறந்ததெனக் கொள்ளப்பட்டது. 1926இல் மார்கரெற் ஷூற்ற லிஹொட்ஸ்கி வகுத்த பிராங்போர்ட் அடுக்களை, சிறிய இடத்தில் வேலையை ஒழுங்குபடுத்த முனைந்தது. அதன் வழிவந்த அடுக்களைகளில், நீண்ட வேலைமேடைக்கும் சுவர் அலுமாரிக்கும் இடைப்பட்ட பகுதியே ஓட்டின் உரிய இடமாயிற்று.

ஓடு பெண்ணின் சுமையைக் குறைத்ததா? துடைப்பது எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால் கரிபடிந்த சுவரை இயல்பெனக் கொண்ட சமூகம், வெண்ணோட்டில் ஒரு துளி எண்ணெயைக் கண்டாலும் அதனை இல்லாளின் குறையெனக் கருதலாயிற்று. சுவர் தூய்மையடைய, தூய்மையின் அளவுகோலும் உயர்ந்தது. அம்மெருகை ஆக்கிய தொழிலாளரோ ஈயத்தின் நஞ்சைச் சுவாசித்தனர்.

வெர்மீரின் பெயரை உலகம் அறியும். அவ்வோவியத்தில் உள்ளவை போன்ற ஓடுகளை எழுதிய கைகளையும் சாந்திட்டுப் பதித்த கைகளையும் நாள்தோறும் அவற்றைத் துடைத்த கைகளையும் வரலாறு பெயரின்றியே விட்டுவிட்டது. மாளிகைகளின் முகப்பைக் கண்டு வியக்கும் வரலாற்று மாணவன், அடுக்களைச் சுவரின் முன்னும் சற்றே நிற்றல் வேண்டும். உழைப்பின் வரலாறு அங்கேயே பதிந்து கிடக்கின்றது.