ரஞ்சன்குடியும் லால்பாக்கும்

அக்கினி நட்சத்திர நாட்களில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களைக் கடந்து செல்வோர், இம்மண்ணுக்கும் பூஞ்சோலைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று ஐயுறுவது இயல்பே. கரிசலும் சுண்ணாம்புப் பாறையும் வெயிலை வாங்கி வாங்கி உமிழும் பூமி இது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் வெளியூர்ப் பூங்காக்களை நாடிப் போகும் வழக்கம் இங்கே வந்ததில் வியப்பில்லை. பெங்களூர் செல்லும் நம் குடும்பங்கள் லால்பாக்கைக் காணாமல் திரும்புவது அரிது. அத்தோட்டத்தை அமைத்தவரை வரலாற்றின் முன்னிலைக்குக் கொணர்ந்த போரின் ஒரு முனை, நாம் நாள்தோறும் கடந்து போகும் ரஞ்சன்குடியில் கிடக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஜாகீர்தார் ஒருவர் எழுப்பியது என்பது வழக்கு. அகழியும் அடுக்கடுக்கான மதில்களும் உடைய இக்கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அருகிலுள்ள வாலிகண்டபுரம் அக்காலத்தில் சிற்றூர் அன்று. பிஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி இருந்து ஆண்ட தலைநகர் அது. 1670களில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்ற இடமளித்தவர் அவரே.

1751இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக சந்தா சாஹிபும் முஹம்மது அலியும் மோதினர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பின்னவருக்கு ஆங்கிலேயர் துணை. அவ்வாண்டு கோடையில் படைகள் வாலிகண்டபுரத்தில் எதிர்ப்பட்டன. கோட்டைத் தலைவரோ எவர் பக்கமும் சாயாமல் காலங்கடத்தினார். முடிவில் ஆங்கிலப் படை நிலைகுலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. முற்றுகையில் சிக்கிய முஹம்மது அலி மைசூரின் உதவியை நாடினார். 1752இல் திருச்சிக்கு வந்த மைசூர்ப் படையில் ஒரு தளபதியாக இருந்தவர்தாம் ஹைதர் அலி.

அவ்வாண்டே சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். எஞ்சிய இருவரும் பிற்காலத்தில் ஆளுக்கொரு தோட்டம் கண்டனர். ஹைதர் அலி 1760இல் பெங்களூரில் லால்பாக்கைத் தொடங்கினார். திப்பு சுல்தான் அயல்நாட்டுச் செடிகளையும் விதைகளையும் வரவழைத்து அதை வளர்த்தார். முஹம்மது அலி வாலாஜா 1768இல் சென்னைக் கடற்கரையை ஒட்டிச் சேப்பாக்கம் அரண்மனையை 117 ஏக்கர்ப் பரப்பிடையே எழுப்பினார்.

இரண்டும் மன்னர் சோலைகளே. பொதுமக்கள் உலாவுவதற்கு அமைந்தவை அல்ல. ஆயினும் இரண்டின் கதியும் வேறு வேறாயிற்று. 1799இல் திப்பு ஷஹீதான பின் லால்பாக் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. இன்று 240 ஏக்கர் பசுமையுடன் எவரும் சென்று இளைப்பாறும் இடமாக விளங்குகிறது. சேப்பாக்கமோ, 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும் பறிக்கப்பட்டு, 1859இல் ஏலத்துக்கு வந்து, சென்னை அரசின் கைக்கே போயிற்று. மாளிகை நிற்கிறது, சோலை இருந்த நிலத்தில் அலுவலகங்களும் கிரிக்கெட் மைதானமும் எழுந்துவிட்டன. தோட்டம் தோட்டமாகவே இருக்க வேண்டும் என்று பொறுப்பேற்க ஒரு துறை முன்னதற்கு வாய்த்தது, பின்னதற்கு வாய்க்கவில்லை. வேறுபாடு அவ்வளவுதான் என்பது நம் கருத்து.

அதே 1859இல் சென்னையில் ஆளுநர் டிரெவெலியன் மக்களுக்கென்றே 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' அமைத்தார். மக்கள் பெயரால் பிறந்த அதுவும் தப்பவில்லை. மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாய் அதன் நிலத்தில் புக, இறுதியில் சிறு துண்டே பூங்காவாய் எஞ்சியது.

நம் வட்டாரத்துக்கு அத்தகைய சோலைகள் வாய்க்கவில்லை. இங்கே மக்கள் காற்று வாங்கிய இடம் ஏரிக்கரையே. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கத்தின் கரை வடக்கு தெற்காக 16 மைல் நீண்டிருந்தது என்பர். பின்னர் கரை உடைந்து, ஏரியின் பெரும்பகுதி காடாயிற்று. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பெருமைதான்! ஆனால் பறவைகள் வருவது கார்த்திகை, மார்கழியில். சித்திரையில் போகிறவருக்கு வெடித்த சேறே காட்சி தரும். சாத்தனூரிலோ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த அதிசயம் அது. பிள்ளைகளுக்கு அவசியம் காட்ட வேண்டியதே. எனினும் கோடையில் நாம் தேடுவது நிழல் தரும் மரமாயிற்றே!

நிழலைப் பற்றி நம் மார்க்கம் வாளாவிருக்கவில்லை. மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்துவது சாபத்தைத் தேடித் தரும் செயல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும் நட்டவருக்கு அது ஸதகா என்றும் அருளினார்கள். அஸருக்குப் பின் நம் பெண்களும் முதியோரும் கூச்சமின்றிச் சற்றே அமர்ந்திருக்க ஊருக்கு ஓரிடமாவது உண்டா என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் போதனையை நாம் எவ்வளவு கைக்கொண்டோம் என்பது விளங்கும். ஆடவர்க்குப் பள்ளிவாசல் திண்ணையாவது இருக்கிறது.

நகராட்சி பூங்கா அமைக்கட்டும். அதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் வக்ஃபு நிலமும் பள்ளிவாசல் வளாகமும் மையவாடிச் சுற்றும் ஜமாஅத்தின் பொறுப்பிலேயே உள்ளன. சேப்பாக்கத்துக்கு வாய்க்காத பொறுப்பாளர் இங்கே ஊர்தோறும் உண்டு. ஐப்பசி மழையில் வேம்பும் புங்கும் நட்டுவிட்டால், முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டுமே தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஐவேளையும் ஒளுச் செய்த நீர் பள்ளிவாசலிலிருந்து சாக்கடைக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.