பரோல் என்பது கொடுத்த வாக்கு: புதுச்சேரி வரலாறு சொல்லும் பாடம்

‘பரோலில் வந்திருக்கிறார்’ என்றால், சிறையிலிருந்து சில நாள்கள் விடுப்பில் வந்தவர் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘வாக்கு’ என்பதாகும். பிரெஞ்சுப் பள்ளியில் பயின்ற புதுச்சேரிப் பெரியவர்கள் இதனை நன்கு அறிவர். போரில் பிடிபட்டவர், இனி எதிர்த்து ஆயுதம் ஏந்துவதில்லை என்று வாக்களித்தால் அவரைக் காவலின்றி விட்டுவைக்கும் வழக்கம் ஐரோப்பியப் படைகளிடையே இருந்தது. விலங்கு செய்ய வேண்டிய வேலையை அங்கே வாக்கு செய்தது. அந்த வாக்கு முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் ஊரின் வரலாற்றிலேயே சான்று உண்டு.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னைப் பட்டணத்தைக் கைப்பற்றினார். 11 லட்சம் வராகன் மீட்புத் தொகைக்கு நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயருடன் உடன்பாடு செய்தார். பிடிபட்ட ஆங்கிலேயர் வாக்களித்துவிட்டு நகரிலேயே இருந்தனர். புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயோ அவ்வுடன்பாட்டை ஏற்கவில்லை. லா பூர்தொனே கப்பலேறிச் சென்றபின் அது செல்லாது என அறிவிக்கப்பட்டது. சென்னை ஆளுநர் மோர்ஸ் புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டு, ஊரார் காண வீதியில் ஊர்வலமாக நடத்தப்பட்டார்.

உடன்பாட்டைப் பிரெஞ்சுக்காரரே முறித்துவிட்டதால், தாங்கள் அளித்த வாக்கும் இனித் தங்களைக் கட்டாது என்று ஆங்கிலேயர் சிலர் கருதினர். அவர்களுள் ஒருவர் 21 வயது எழுத்தரான ராபர்ட் கிளைவ். அவர் முஸ்லிம் ஒருவரைப்போல் உடையணிந்து இரவில் தப்பினார் என்று மெக்காலே எழுதுகிறார். தப்பியவர் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையை அடைந்து, பின்னர் படையில் சேர்ந்தார். தென்னகத்தில் டூப்ளேயின் திட்டங்கள் சரிந்ததில் பெரும்பங்கு அவருடையதே. வாக்கை வாங்கிக்கொண்ட தரப்பு தன் வாக்கைக் காக்கத் தவறியதற்குக் கொடுத்த விலை அது.

அதே காலத்தில் ஒரு சிறைவாசியின் குடும்பமும் புதுச்சேரியில் காத்திருந்தது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் 1740இல் மராட்டியருடனான போரில் கொல்லப்பட்டார். அவருடைய மருமகன் சந்தா சாகிபின் மனைவியும் மகனும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியர் மிரட்டியும் அன்றைய ஆளுநர் துய்மா இணங்கவில்லை. மறு ஆண்டு திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. மராட்டியரிடம் சிறைப்பட்ட சந்தா சாகிப் ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின் 1748இல் மீண்டார். அத்தனை ஆண்டுகளும் அவர் குடும்பத்தைக் காத்தது ஓர் ஊர் அளித்த வாக்கு. அவருடைய முடிவுக்கும் ஒரு வாக்கே காரணமாயிற்று. 1752இல் ஸ்ரீரங்கத்தில் முற்றுகையில் சிக்கிய அவர், உயிருக்குத் தீங்கில்லை என்று தஞ்சைத் தளபதி மானோஜி செய்த சத்தியத்தை நம்பிச் சரணடைந்தார். பின்னர்த் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

வாக்கின்பேரில் விடுதலை என்னும் இந்த ஏற்பாடு ஐரோப்பாவில் பிறந்ததன்று. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் ஏறத்தாழ 70 பேர் கைதிகளாயினர். ஈட்டுத்தொகை செலுத்தி மீண்டோர் பலர். எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்து மீண்டனர். வறியவரும் பெண்மக்களின் தந்தையுமான கவிஞர் அபூ அஸ்ஸா, இனிப் போருக்கு வருவதில்லை என்ற வாக்கின்பேரில் ஈட்டுத்தொகையின்றியே விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டே வாக்கை முறித்து எதிரிப் படையுடன் வந்து மீண்டும் பிடிபட்டார். இம்முறை அவருடைய கெஞ்சல் ஏற்கப்படவில்லை.

அதே கைதிகளில் ஒருவர் அபுல் ஆஸ். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மருமகன். அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. அவரை மீட்க மக்காவிலிருந்து மனைவி ஸைனப் (ரலி) அனுப்பிய பொருள்களுள், தம் அன்னை கதீஜா (ரலி) அளித்த கழுத்தணியும் இருந்தது. அதைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் நெகிழ்ந்தார்கள். தோழர்களின் இசைவுடன் கழுத்தணி திருப்பியளிக்கப்பட்டு, ஸைனபை மதீனாவுக்கு அனுப்பிவைப்பதாகத் தந்த வாக்கின்பேரில் அபுல் ஆஸ் விடுவிக்கப்பட்டார். மனைவியைப் பிரிவதாயினும் அவர் வாக்கைக் காத்தார். பின்னாளில் இஸ்லாத்தை ஏற்ற அவரை, சொன்ன சொல்லில் உண்மையாக நின்றவர் என்று நாயகம் (ஸல்) அவர்களே பாராட்டினார்கள். ஒருவர் வாக்கை முறித்தார் என்பதற்காக மற்றவரிடம் நம்பிக்கை மறுக்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் சொல்லைக் கொண்டே எடைபோடப்பட்டனர்.

போர்க்களத்து வழக்கம் சிறைச்சாலைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். நெப்போலியன் காலத்தில் பிரான்சில் போர்க்கைதியாக இருந்த அலெக்சாண்டர் மக்கோனோக்கி, 1840இல் நார்ஃபோக் தீவுச் சிறையின் பொறுப்பேற்றார். நன்னடத்தைக்கு மதிப்பெண் அளித்து, படிப்படியாக விடுதலையை நெருங்கும் முறையை அங்கே அமைத்தார். பிரான்சு 1885 ஆகஸ்ட் 14ஆம் நாள் சட்டத்தால் நிபந்தனையுடன் கூடிய முன்விடுதலையை ஏற்றது.

இன்று புதுச்சேரியின் மத்தியச் சிறை நகருக்கு வடக்கே காலாப்பட்டில் உள்ளது. ஒன்றியப் பிரதேசத்துக்கெனத் தனிச் சிறை விதிகள் உண்டு. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் இதனை ‘விடுப்பு’ என்றே குறிப்பிடுகின்றன. நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு உண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், வீட்டைப் பழுதுபார்க்கவும், விடுதலைக்குப் பிந்திய பிழைப்புக்கு வழிதேடவும் சாதாரண விடுப்பு உண்டு. சிறைவாசி குடும்பத்துடனும் சமூகத்துடனும் உறவு அற்றுப்போகாதிருப்பதே பரோலின் நோக்கங்களுள் ஒன்று என்று உச்ச நீதிமன்றம் 2017இல் அஸ்ஃபாக் வழக்கில் எடுத்துரைத்தது.

இந்த வாக்கிலும் இரு தரப்புகள் உள்ளன. தாயின் ஜனாஸாவுக்கு விண்ணப்பித்தவருக்கு அடக்கம் முடிந்தபின் அனுமதி வருமானால், அரசு தன் வாக்கைக் காத்ததாகாது. குறித்த நாளில் சிறைக்குத் திரும்பாதவர், தமக்குப் பின் விண்ணப்பிக்கக் காத்திருப்போரின் கதவையும் சேர்த்தே அடைக்கிறார்.

மூன்றாவதாக நாமும் இருக்கிறோம். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வரும்போது, அந்தக் குடும்பத்துக்காக ஒரு சொல் சொல்ல மஹல்லாவில் எத்தனை பேர் முன்வருகிறோம்? பிணை நிற்க யார் கையெழுத்திடுகிறோம்? விடுப்பில் வந்தவர் ஜும்ஆவுக்கு வந்தால் அவருக்கு ஸஃப்பில் இடம் விட்டு ஸலாம் சொல்கிறோமா, பார்வையைத் திருப்பிக்கொள்கிறோமா? குற்றம் அவருடையது, தண்டனையை அவர் அனுபவித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மனைவி மக்கள் எந்தத் தண்டனையும் பெற்றவர்கள் அல்லர்.

அன்று அபுல் ஆஸை நம்பி விடுவித்தது நாயகம் (ஸல்) அவர்கள் மட்டுமன்று, இசைவளித்த தோழர்களும்தாம். திரும்பி வருவோருக்கு அத்தகைய தோழர்களாக நம் ஜமாஅத்துகளும் விளங்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.