கிளி எடுக்காத சீட்டு: ஜப்பானையே ஆட வைத்த 'ஃபார்ச்சூன் குக்கி' பாட்டு

கிளி ஜோசியம் பார்த்திருக்கீங்களா? திருவண்ணாமலை மாதிரி கோயில் ஊர்கள்ல வளர்ந்தவங்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, அலகால ஒரு சீட்டை எடுத்துப் போடும். அதைப் பிரிக்கிற ரெண்டு செகண்ட் இருக்கே, அதுதான் விஷயமே. (கிளியை அடைச்சு வைக்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால இப்போ அது நினைவுல மட்டும் இருக்கட்டும்.)

அந்த ரெண்டு செகண்ட் படபடப்பை ஒரு பாட்டா மாத்தினா எப்படி இருக்கும்? அதுதான் ஏகேபி48 என்ற ஜப்பான் பெண்கள் குழுவின் 'கோய்சுரு ஃபார்ச்சூன் குக்கி'. 2013 ஆகஸ்ட் 21-ல் வெளியானது.

ஃபார்ச்சூன் குக்கி என்பது, உள்ளே பலன் எழுதின துண்டுச் சீட்டை மடிச்சு வெச்ச மொறுமொறு பிஸ்கட். அமெரிக்காவில் சைனீஸ் ஹோட்டல்ல பில்லோடு தருவாங்க. ஆனா அதோட பூர்வீகம் ஜப்பான்தான். கியோட்டோவில் கோயில் பக்கத்துக் கடைகளில் சுட்டு வித்த பண்டம்னு சொல்றாங்க.

பாட்டோட கதை ரொம்ப சிம்பிள். 'நான் ஒண்ணும் அழகி இல்ல, அவன் என்னைப் பார்க்க மாட்டான்'னு நினைக்கிற ஒரு பொண்ணு, நாளைக்கு நல்லது நடக்கலாம்னு தன்னைத் தானே தேத்திக்கிறா. மெட்டு 70-கள் டிஸ்கோ. வரிகள் குழுவைத் தொடங்கின யசுஷி அகிமோட்டோ எழுதியது.

இந்தப் பாட்டுக்கு நடுவில் நின்னவர் ரினோ சஷிஹாரா. அவர் கதைதான் பாட்டைவிட சுவாரஸ்யம். இந்த மாதிரி குழுக்கள்ல பொண்ணுங்க காதலிக்கக் கூடாதுங்கிறது எழுதாத சட்டம். 2012-ல் ஒரு வாரப் பத்திரிகை அவருடைய பழைய காதல் பற்றிக் கிசுகிசு போட, டோக்கியோவிலிருந்து தெற்கே இருக்கிற ஃபுகுவோகாவின் கிளைக் குழுவுக்கு அனுப்பிட்டாங்க. 'தண்டனை டிரான்ஸ்ஃபர்'னு நம்ம ஊர்ல சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். 2013 ஜனவரியில் இன்னொரு உறுப்பினர் இதே மாதிரி விவகாரத்தில் மொட்டை அடிச்சுக்கிட்டு யூடியூப்ல அழுது மன்னிப்பு கேட்டார். பார்க்கவே சங்கடமா இருக்கும். ரசிகர்களுக்காக ஒரு பொண்ணோட சொந்த வாழ்க்கை இவ்ளோ தூரம் போகணுமா?

அடுத்த திருப்பம் 2013 ஜூன். யார் நடுவில் நிற்கணும்னு அப்போ ரசிகர்களே ஓட்டு போடுவாங்க. ஓட்டு சிடியோடு வரும். பத்து சிடி வாங்கினா பத்து ஓட்டு. இது ஜனநாயகமா, வியாபாரமான்னு கேட்டா, நான் ரெண்டாவதைத்தான் சொல்வேன். ஆனா அந்த வருஷம் 1,50,570 ஓட்டு வாங்கி முதலிடம் வந்தது, தண்டனையில் போன சஷிஹாரா!

பப்பையா சுஸுகி அமைச்ச நடனம் ரொம்ப ஈஸி. சோத்து உருண்டை பிடிக்கிற மாதிரி கையை மாத்தி மாத்திச் சுத்தணும், அவ்ளோதான். கம்பெனி ஊழியர்கள், மாகாண அரசு அலுவலகங்கள்னு ஆளாளுக்கு ஆடி வீடியோ போட்டாங்க. கனகாவா மாகாண ஆளுநரே ஆடினார். ரீல்ஸ் சேலஞ்ச் என்ற வார்த்தையே வராத காலம் அது! பிறகு இந்தோனேசியாவின் ஜேகேடி48, தாய்லாந்தின் பிஎன்கே48 குழுக்கள் அவங்கவங்க மொழியில் பாட, தாய்லாந்தில் செம ஹிட். மும்பை, டெல்லிக்கும் இதே மாதிரி குழுக்களை 2019-ல் அறிவிச்சாங்க. கொரோனாவுக்கு அப்புறம் அது நகரவே இல்ல.

ஒரிஜினல் வீடியோவைத் தேடிப் பாருங்க. ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்க தெருவில் கூடி ஆடுவாங்க. அது எந்த ஊர் தெரியுமா? சஷிஹாராவை அனுப்பி வெச்ச அதே ஃபுகுவோகா.