நாட்: கடலில் பிறந்த வேக அலகு

நாட் என்பது கப்பல், விமானம், காற்று ஆகியவற்றின் வேகத்தைக் குறிக்கப் பயன்படும் அலகு ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் தூரம் செல்லும் வேகமே ஒரு நாட். ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர். எனவே ஒரு நாட், மணிக்கு 1.852 கிலோமீட்டருக்குச் சமம்.

ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற்றுவது வெறும் பெருக்கல் கணக்காகத் தோன்றலாம். ஆனால் ஒரு வேகத்தைச் சொல்லும்போது எந்த அலகில் அளந்தோம், எதைப் பொறுத்து அளந்தோம் என்ற இரண்டும் தெரிந்தால்தான் அந்த எண்ணை நம்ப முடியும். நாட் அலகின் வரலாறு இதை நன்றாக விளக்குகிறது.

பெயர் வந்த விதம்

நாட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முடிச்சு என்று பொருள். முற்காலத்தில் கப்பலின் வேகத்தை உண்மையிலேயே கயிற்றில் போட்ட முடிச்சுகளை எண்ணித்தான் கண்டார்கள். ஒரு மரப்பலகையை நீண்ட கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறத்திலிருந்து கடலில் விடுவார்கள். பலகையின் ஓர் ஓரத்தில் ஈயம் பதித்திருப்பதால் அது நீரில் செங்குத்தாக நின்று, ஏறக்குறைய அதே இடத்தில் தங்கிவிடும். கப்பல் முன்னே செல்லச் செல்ல, உருளையில் சுற்றியிருக்கும் கயிறு வெளியே ஓடும். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து, மணல் முழுவதும் விழுந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று மாலுமி எண்ணுவார். ஐந்து முடிச்சுகள் கடந்திருந்தால் வேகம் ஐந்து நாட்.

இம்முறையை விளக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று, இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் போர்ன் 1574ஆம் ஆண்டில் வெளியிட்ட கடற்பயண நூல். அந்தப் பலகைக்கு ஆங்கிலத்தில் லாக், அதாவது மரக்கட்டை, என்று பெயர். அதில் அளந்த வேகத்தை எழுதி வைத்த ஏடு லாக் புக் ஆயிற்று. இன்று கணினியில் லாகின் செய்கிறோம் என்று சொல்லும் சொல்லும் இந்த மரக்கட்டையின் வழியில் வந்ததே.

முடிச்சுகளுக்கு இடையே எவ்வளவு தூரம்?

இம்முறை சரியாக அமைய இரண்டு அளவுகள் பொருந்த வேண்டும். முடிச்சுகளின் இடைவெளிக்கும் ஒரு கடல் மைலுக்கும் உள்ள விகிதமும், மணற்கடிகாரத்தின் நேரத்துக்கும் ஒரு மணிக்கும் உள்ள விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தொடக்கக் காலத்தில் 30 விநாடி மணற்கடிகாரத்துக்கு 42 அடி இடைவெளி என்று வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு 3600 விநாடிகள். அதில் 30 விநாடிகள் 120 முறை அடங்கும். 42 அடியை 120ஆல் பெருக்கினால் 5040 அடி வரும். மைல் என்பது சுமார் 5000 அடி என்ற பழைய கருத்தின்படி வைத்த அளவு இது. ஆனால் பூமியின் அளவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ரிச்சர்டு நோர்வுட் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர். இலண்டனுக்கும் யார்க் நகருக்கும் இடைப்பட்ட தூரத்தைச் சங்கிலியாலும் காலடிகளாலும் அளந்தார். இரு நகரங்களிலும் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகைகளின் வேறுபாட்டைக் கண்டார். இந்த வேலையை 1635ஆம் ஆண்டில் முடித்து, 1637ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒரு பாகை அட்சரேகையின் நீளம் 3,67,196 அடி என்பது அவர் கண்ட முடிவு. ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்தால் ஒரு கலைக்கு ஏறக்குறைய 6120 அடி. அதுவே கடல் மைல் என்று கொண்டால், 30 விநாடிக் கடிகாரத்துக்கு முடிச்சுகளின் இடைவெளி 51 அடி இருக்க வேண்டும். 42 அடி அல்ல.

பாதுகாப்பு என்று நினைத்த பிழை

நோர்வுட் கூறியது சரியென்று தெரிந்த பிறகும் மாலுமிகள் பலர் பழைய கயிற்றை உடனே கைவிடவில்லை. அதற்கு அவர்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். குட்டையான இடைவெளி உள்ள கயிற்றில் முடிச்சுகள் அதிகமாகக் கடக்கும். உண்மையில் 100 கடல் மைல் ஓடிய கப்பல், கணக்கில் சுமார் 120 மைல் ஓடியதாகத் தெரியும். கணக்கின்படி கரை வந்துவிட்டது என்று மாலுமி விழிப்பாக இருக்கும்போது, உண்மையான கரை இன்னும் தொலைவில் இருக்கும். கணக்கு கப்பலுக்கு முன்னால் போவது நல்லது, கப்பல் கணக்குக்கு முன்னால் போவதுதான் ஆபத்து என்பது அவர்கள் வாதம்.

பின்னாளில் பலரும் ஏற்றுக்கொண்ட அளவு, 28 விநாடிக் கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குலம். இதைக் கணக்கிட்டால் ஒரு மணிக்கு 6075 அடி வருகிறது. இன்றைய கடல் மைல் ஏறக்குறைய 6076 அடி. ஒரு கயிறும் ஒரு மணற்கடிகாரமும் கொண்டு இவ்வளவு அருகில் வந்தது வியப்புக்குரியது.

ஹோண்டா முனை விபத்து

கணக்கு முன்னால் போனால் ஆபத்தில்லை என்ற எண்ணம் எல்லா நேரத்திலும் பொருந்தாது. கரை நேர் எதிரே இருக்கும்போது அது உதவலாம். ஆனால் கணக்கை நம்பிக் கப்பலைத் திருப்ப வேண்டிய இடத்தில் அதுவே விபத்துக்குக் காரணமாகும்.

1923ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்கக் கடற்படையின் 14 நாசகாரிக் கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியேகோ நோக்கி வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன. வேகம் 20 நாட். இரவு, மூடுபனி. புறப்பட்ட இடம், சென்ற திசை, வேகம், நேரம் ஆகியவற்றைக் கொண்டே கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார்கள். கரையிலிருந்த வானொலித் திசைகாட்டி நிலையம், கப்பல்கள் இன்னும் வடக்கே இருப்பதாகத் தெரிவித்தது. அன்று அந்தக் கருவி புதிது. அதைவிடக் கணக்கையே அதிகாரிகள் நம்பினார்கள். இரவு 9 மணிக்கு, சான்டா பார்பரா கால்வாயின் வாயிலுக்கு வந்துவிட்டோம் என்று எண்ணிக் கிழக்கே திரும்பினார்கள். சில நிமிடங்களில் ஹோண்டா முனையின் பாறைகளில் ஏழு கப்பல்கள் மோதி அழிந்தன. 23 மாலுமிகள் உயிரிழந்தனர்.

20 நாட் என்ற எண், சுழலும் விசிறியின் சுற்றுகளைக் கொண்டு கணித்த வேகம். அது நீரைப் பொறுத்த வேகம். நீரே நகரும்போது தரையைப் பொறுத்த வேகம் வேறாகிவிடும். ஒரு வாரத்துக்கு முன் சப்பானில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தால் கடல் நீரோட்டங்கள் வழக்கத்துக்கு மாறாக இருந்திருக்கலாம் என்றும் கருதப்படுகிறது. அரை நாட் வேறுபாடு சிறியதாகத் தோன்றும். ஆனால் 14 மணி நேர ஓட்டத்தில் அது 7 கடல் மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர் பிழையாக வளர்ந்துவிடும்.

கடல் மைலும் கிலோமீட்டரும்

கடல் மைல், கிலோமீட்டர் ஆகிய இரண்டும் பூமியின் அளவிலிருந்தே பிறந்தவை. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கை மீட்டர் என்று பிரெஞ்சு அறிஞர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரையறுத்தார்கள். அதன்படி அந்தத் தூரம் 10,000 கிலோமீட்டர். அதே தூரத்தைப் பாகையில் சொன்னால் 90 பாகை, அதாவது 5400 கலைகள். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதால் 10,000 கிலோமீட்டரை 5400ஆல் வகுத்தால் 1.852 கிலோமீட்டர் வருகிறது.

இருந்தும் நெடுங்காலம் ஒவ்வொரு நாடும் சற்று வேறான கடல் மைலைப் பயன்படுத்தியது. பிரித்தானியக் கடல் மைல் 6080 அடி. 1929ஆம் ஆண்டு மொனாக்கோவில் நடந்த மாநாட்டில் 1852 மீட்டர் என்ற அளவு சர்வதேசக் கடல் மைலாக ஏற்கப்பட்டது. அமெரிக்கா 1954ஆம் ஆண்டிலும் பிரித்தானியா 1970ஆம் ஆண்டிலும் இதற்கு மாறின.

கடலில் இந்த அலகு இன்றும் நிலைத்திருப்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. வரைபடத்தில் அட்சரேகையைப் பார்த்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய 13 பாகை 5 கலையிலும், கோடியக்கரை ஏறக்குறைய 10 பாகை 17 கலையிலும் உள்ளன. வேறுபாடு 2 பாகை 48 கலை, அதாவது 168 கலைகள். எனவே வடக்கு தெற்காக இடைப்பட்ட தூரம் 168 கடல் மைல். 12 நாட் வேகத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க 14 மணி நேரம் ஆகும்.

அலகு மாற்றம்

மணிக்கு கிலோமீட்டரை விநாடிக்கு மீட்டராக மாற்ற 5/18ஆல் பெருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி 3600 விநாடிகள். 1000/3600 என்பதன் சுருக்கமே 5/18. எடுத்துக்காட்டாக, மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 10 மீட்டர்.

நாட் அலகில் உள்ள வேகத்தை 1.852ஆல் பெருக்கினால் மணிக்கு கிலோமீட்டர் கிடைக்கும். ஒரு நாட், விநாடிக்கு 0.514 மீட்டர், மணிக்கு 1.151 தரை மைல். மனக்கணக்குக்கு, நாட் எண்ணை இரட்டித்து அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம். 20 நாட் எனில் 40இல் 4 போக 36. சரியான விடை 37.04.

நாட் என்பதிலேயே மணி அடங்கியுள்ளது. ஆகவே மணிக்கு 20 நாட் என்று எழுதுவது தவறு. 20 நாட் என்றாலே போதும்.

எங்கே எந்த அலகு?

சாலை, தொடர்வண்டி ஆகியவற்றுக்கு இந்தியாவில் மணிக்கு கிலோமீட்டர். அமெரிக்கா, பிரித்தானியா ஆகிய நாடுகளின் சாலைகளில் இன்றும் மணிக்கு மைல். அறிவியல் கணக்குகளில் விநாடிக்கு மீட்டர். கப்பலிலும் பெரும்பாலான விமானங்களிலும் நாட். விமானத்திலும் காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்த வேகம் என்று இரண்டு உண்டு. 450 நாட் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று 50 நாட் வீசினால் தரையைப் பொறுத்த வேகம் 400 நாட் மட்டுமே.

புயல் அறிவிப்புகளில்

வங்காள விரிகுடாப் புயல்கள் பற்றிய அறிவிப்புகளிலும் நாட் மறைந்திருக்கிறது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல், 89ஐ எட்டினால் தீவிரப் புயல், 118ஐ எட்டினால் மிகத் தீவிரப் புயல் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. 60, 90, 120 என்று முழு எண்களாக வைக்காமல் ஏன் இப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இவற்றின் மூல எல்லைகள் 34, 48, 64 நாட். பிரித்தானியக் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போபோர்ட் 1805ஆம் ஆண்டில் வகுத்த காற்று அளவுகோலில் பின்னர் சேர்க்கப்பட்ட எல்லைகளே இவை. அவர் முதலில் வகுத்தபோது காற்றின் வேகத்தை எண்ணால் குறிக்கவில்லை. பாய்மரக் கப்பல் எத்தனை பாய்களைத் தாங்கும் என்பதைக் கொண்டே குறித்தார்.

கடலுக்குச் செல்லும் மீனவருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. மணிக்கு 45 கிலோமீட்டர் காற்று என்பது சுமார் 24 நாட். காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தில் வீசும் காற்று. 45 நாட் காற்று என்பதோ மணிக்கு 83 கிலோமீட்டர், அது புயல். எண் ஒன்றுதான். எனவே எச்சரிக்கையை எழுதுபவரும் மொழிபெயர்ப்பவரும் வானொலியில் வாசிப்பவரும் எண்ணோடு அலகையும் விடாமல் சொல்ல வேண்டும்.